ஆர்டித் பிரேக் போடவில்லை

என் அண்ணன் வெண்டலுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்த கோடையில், அவன் மனைவி ஆர்டித் முதல்முறையாகக் கேம்பரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினாள். சமையலறையும் கட்டிலுமாக நான்கு சக்கரங்களின் மேல் உருளும் சின்ன வீடு அது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி, நெப்ராஸ்காவிலிருந்து வயோமிங் ஏரிக்கு வருஷாவருஷம் இழுத்துப் போவான் வெண்டல். அங்கேதான் எங்கள் குடும்பம் முழுக்கக் கூடும்.

ஆர்டித் எனக்கு அண்ணி என்றாலும் இருவருக்கும் ஒரே வயது. முடி திருத்தும் கடை வைத்திருந்தவள். அதிகம் பேசமாட்டாள். அந்த வசந்தத்தில் அவள் சந்தைத் திடலில் தனியாகக் கேம்பரை இழுத்து வட்டமடித்துப் பழகுவதாக ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெண்டல் கையைக் கழுத்தில் தொங்கும் கட்டுத்துணியில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் பின்சீட்டில். லாரமி தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று பிடித்துக்கொண்டது. வெயிலில் தார்ச்சாலை பளபளத்தது.

"இன்னும் கொஞ்சம் மிதியேன் ஆர்டித். சைக்கிள்காரன்கூட நம்மள முந்திடுவான்."

"முந்தட்டும்."

"நான் ஓட்டியிருந்தா இந்நேரம் ஏரியில கால நனைச்சிட்டு இருப்போம்."

"ஓட்டேன். ஒரு கையால ஓட்டு, பாக்கலாம்."

நான் சிரித்து முடிக்கவில்லை. பின்னால் பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தம். பிக்கப் ஒரு குலுக்குக் குலுங்கியது. திரும்பிப் பார்த்தேன். கேம்பரின் இடப்பக்கத்திலிருந்து கறுப்பாக ரப்பர் துண்டுகள் பறந்தன. கேம்பர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வால் நாயை ஆட்டுவது போல அது எங்களையும் சேர்த்து ஆட்டியது. இடப்பக்கம் ஒரு பெரிய லாரி எங்களை ஒட்டி ஏறி வந்துகொண்டிருந்தது.

"பிரேக்! பிரேக் போடு!" வெண்டல் கத்தினான். "ஆர்டித், பிரேக்!"

"வாய மூடு, வெண்டல்."

முப்பது வருஷத்தில் அவள் அவனை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் கால் பிரேக் பக்கம் போகவில்லை. வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாள். பிறகு வலக்கையை மட்டும் எடுத்து, கேம்பரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும் சின்ன நெம்புகோலை விரலால் மெல்ல, மெல்ல நகர்த்தினாள். பின்னாலிருந்து யாரோ கேம்பரைப் பிடித்து இழுத்து நேராக்குவது போல இருந்தது. ஆட்டம் தணிந்தது. லாரி எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம்தான் அவள் முடுக்கியிலிருந்து காலை எடுத்தாள்.

சாலை ஓரத்துக்கு வந்தும் அவள் நிறுத்தவில்லை. விளக்குகளைச் சிமிட்டவிட்டு ஊர்ந்தாள்.

"நிறுத்து, ரிம் நாசமாப் போகுது!"

"ரிம் போனா வேற வாங்கலாம். வெடிச்சது ரோட்டுப் பக்கம். இங்க நிறுத்தினா லாரிக்கு முன்னாடி குனிஞ்சு நின்னு யாரு மாத்துவா? நீயா?"

லாரிகள் ஓய்வெடுக்கும் அகலமான ஒதுக்கிடம் வந்ததும்தான் நிறுத்தினாள். இறங்கியவள் டயரைப் பார்க்கவில்லை. நேரே கேம்பரின் முன்பக்கம் போய் எரிவாயு சிலிண்டரின் திருகை மூடினாள். நல்லதாகப் போயிற்று. கிழிந்த டயர் சாட்டை மாதிரி அடித்துத் தரையில் ஓட்டை போட்டிருந்தது. சமையலறை அலமாரிக்கடியில் எட்டிப் பார்த்தால் மண் தெரிந்தது. அந்த ஓட்டைக்கு அருகிலேயே எரிவாயுக் குழாய் நசுங்கிக் கிடந்தது.

உள்ளே போய் பிளாஸ்கிலிருந்து ஆளுக்குக் காப்பி ஊற்றினேன். ஆர்டித் கோப்பையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "நீயே கொஞ்சம் புடி மார்லிஸ். இப்பதான் பயமா இருக்கு." நான் கோப்பையைப் பிடித்துக்கொள்ள, குழந்தை போல இரண்டு வாய் குடித்தாள்.

வெளியே வெண்டல் அவசரப்பட்டான். "ஸ்டெப்னிய மாட்டினா கிளம்பிடலாம். மார்லிஸ், ஜாக்கிய எடு."

ஆர்டித் மற்ற டயர்களைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். வெடித்ததற்கு முன்னால் இருந்த டயரில் நின்றாள். பக்கச் சுவரில் முட்டை அளவு புடைப்பு.

"இது இவ்வளவு நேரம் ரெண்டு டயர் பாரத்த ஒத்தையா சுமந்திருக்கு. அடுத்தது இதுதான்."

"பட்டையப் பாரு, புதுசு மாதிரி இருக்கு! தேயவே இல்லையே!"

"எப்படித் தேயும்? வருஷம் பூரா வெயில்ல நிக்குது, ஒரு வாரம் ஓடுது. உள்ள ரப்பர் செத்துப்போச்சு, ஸ்டெப்னியும் அப்படித்தான். இந்த வெடிப்புல நகத்த வெச்சுப் பாரு."

வெண்டல் நகத்தை வைத்துப் பார்த்தான். போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அடுத்த ஊரான ராலின்ஸிலிருந்து எஸ்கிவெல் என்ற டயர்க்காரர் வந்தார். நான்கையும் மாற்ற வேண்டும் என்றாள் ஆர்டித். சரியான டயர் அவரிடம் மூன்றுதான் இருந்தது.

"நாலாவதுக்கு இப்போதைக்குக் கார் டயர் ஒண்ணு போட்டுத் தரவாங்க? மெதுவாப் போனா ஏரிக்குப் போயிடலாம்."

"இந்த எடைய அது தாங்குமா?"

"தாங்கும்னு சொல்ல முடியாது."

"அப்ப வேண்டாங்க. நீங்க போய் எடுத்துட்டு வாங்க, நாங்க இருக்கோம்."

"அங்க எல்லாரும் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாங்க!" என்றான் வெண்டல்.

"சவத்துக்குக் காத்திருக்கறதவிட அது தேவல."

எஸ்கிவெல் வாய்விட்டுச் சிரித்தார். முனகாமல் திரும்பிப் போய், சரியான டயரோடு வந்தார். மாட்டி முடித்ததும் நட்டுகளை ஆர்டித் ஒருமுறை தானே முறுக்கிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இன்னொரு முறையும் பார்த்தாள். இந்தத் தடவை வெண்டல் அவசரப்படுத்தவில்லை. இறங்கி, அவள் பக்கத்தில் போய் நின்றான்.

ஏரிக்கரைக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மச்சான்களும் மருமகன்களும் தரை ஓட்டையை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"வெண்டல், நீ ஓட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று ஒருவன் சீண்டினான்.

"நான் ஓட்டியிருந்தா பிரேக்க மிதிச்சிருப்பேன்," என்றான் என் அண்ணன். "பின்னாடி கேம்பர் மடங்கி வந்து எங்களப் புரட்டியிருக்கும். மூணு பேரையும் பள்ளத்துல பொறுக்கியிருப்பீங்க. இவ மிதிக்கல. நான் காதுகிட்ட கத்தினேன், அப்பவும் மிதிக்கல."

எல்லோரும் ஆர்டித்தைப் பார்த்தார்கள். அவள் கூச்சத்தோடு முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்குது. சுட்ட சோளம் மிச்சம் இருக்கா, இல்ல தின்னு தீத்துட்டீங்களா?"

வெண்டல் ஒற்றைக் கையால் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தான்.