அம்மா ஓடிக்கொண்டு வந்த கார்

மாமா மேலே மூடியிருந்த படங்கை இழுத்ததும் காருக்குள் இருந்து இரண்டு கோழிகள் படபடத்து வெளியே பாய்ந்தன. பின் சீற்றில் ஒரு முட்டை கிடந்தது. அம்மா அதை எடுத்து மாமியிடம் கொடுத்துவிட்டு, காரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கறுப்பு மொரிஸ் எய்ட். அம்மாவுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. முன்னால் உருண்டையான இரண்டு விளக்குகள், கதவின் கீழே கால் வைத்து ஏற நீளப் பலகை. நான் அதுவரை பார்த்த கார்கள் எல்லாம் கண்டி வீதியில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி மறைந்தவை. ஒரு காரின் பக்கத்தில் நின்று அதைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

அது அம்மப்பாவின் கார். அவர் காலமான பிறகு சிற்றம்பலம் மாமாவுக்கு வந்து, அவரோடு மல்லாவிக்கு வந்து, நெடுநாளாகக் கொட்டிலில் கிடந்தது. மாமா வீட்டை விற்றுவிட்டுக் கொழும்பில் மகனோடு இருக்கப் போகிறார். "கமலாசனிக்கு வேணுமெண்டால் வந்து கொண்டு போகட்டும், இல்லாட்டி இரும்புக்காரனுக்குக் குடுக்கப் போறன்" என்று ஆள் மூலம் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் ஊர் அக்கராயனில் அப்போது நெல் சூடடிப்புக் காலம். "உந்தப் பழசு எங்களுக்கு எதுக்கு?" என்று அப்பா கேட்டார். அம்மா விடிய முதல் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு மாங்குளம் சுற்றி வந்துவிட்டார்.

கொட்டிலுக்கே வந்து காரைத் திருத்தி வைத்திருந்தவர் துணுக்காய் மெக்கானிக் தங்கராசா. அவரே அதை அக்கராயனுக்கு ஓடிக்கொண்டு வந்து விடுவதாகப் பேச்சு. மத்தியானம் திரும்பியும் ஆளைக் காணவில்லை. பிறகு அவருடைய தம்பி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அண்ணை வரமாட்டார் ஐயா. அண்ணிக்கு விடியப் பிள்ளைப்பேற்றுக் குத்துத் தொடங்கீற்றுது. மாங்குளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினம்."

"என்னத்திலை கொண்டு போனவை?" என்று அம்மா கேட்டார்.

"உழவு மிசின் பெட்டியிலைதான் அக்கா. வேறை என்ன கிடக்கு இஞ்சை?"

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்கு முந்தின வருடம் மாரியில், அம்மாவையும் அப்படித்தான் உழவு டிராக்டர் இழுக்கும் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்திக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார்கள். என் தம்பி வழியிலேயே பிறந்தான். அவன் ஆஸ்பத்திரிவரை உயிரோடு இருக்கவில்லை. அவனைப் பற்றி வீட்டில் எவரும் கதைத்ததில்லை. இந்தக் காருக்கும் அவனுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எனக்கு அந்தக் கணம்வரை தோன்றியதே இல்லை.

அம்மா செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தார். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகினார். கதவைத் திறந்து, ஸ்டியரிங்கின் முன்னால் ஏறி இருந்தார்.

"பிள்ளை, உனக்கென்ன விசரே?" மாமா ஓடி வந்தார். "நீ கார் ஓடினது எங்கடை ஐயா இருக்கேக்கை. இது காட்டு றோட்டு."

"மறக்கேல்லை அண்ணை."

"இடையிலை நிண்டு போனால்?"

"நிண்டால் பாப்பம். அருந்ததி, முன்னுக்குப் போய் அந்தக் கம்பியைச் சுத்து. பெருவிரலையும் மற்ற விரலோடை சேர்த்துப் பிடி. திருப்பி அடிச்சால் கை முறிஞ்சு போம்."

எனக்குத் தெரிந்த அம்மா நாற்று நட்டவர், நெல் அவித்தவர், அப்பாவோடு வரம்பில் நின்று மடை திறந்தவர். அவருக்குக் கார் ஓடத் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. காரின் முன்னால் செருகியிருந்த, எஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் சுற்றினேன். கார் இருமியது. இன்னொரு முறை சுற்றினேன். அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு அது முழு உடம்பும் நடுங்க உயிர் பெற்றபோது நான் பின்னால் பாய்ந்தேன். அம்மா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம்.

கியர் இரண்டு தரம் கரகரத்தது. மூன்றாம் தரம் ஒழுங்காக விழுந்தது. மல்லாவிச் சந்தையில் பலசரக்குக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே வாசலுக்கு வந்து பார்த்தார். துணுக்காய் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாலை மரங்களும் வீரை மரங்களும் நெருங்கி வந்தன. அம்மாவின் வெறுங்கால்கள் மிதிகளைத் தேடாமலே கண்டுபிடித்தன. பள்ளம் வருமுன்பே கை திரும்பியது.

"ஐயா முதல் அண்ணைக்குத்தான் பழக்கினவர்," என்றார் அம்மா ரோட்டைப் பார்த்தபடி. "அண்ணை வேலியை உடைச்சுப் போட்டுப் பயந்து போனார். பிறகுதான் என்னை ஏத்தினவர்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லுறதுக்குக் கார் எங்கை இருந்தது?"

வெயில் சாயும் நேரம், ஒரு குளக்கட்டுக்குக் கிட்ட, அம்மா சட்டென்று காரை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என் தொடையில் கை வைத்தார். முன்னால் காடு அசைந்தது. மரங்கள்தான் நகர்கின்றன என்று நினைத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக யானைகள் ரோட்டில் இறங்கின. அவ்வளவு பெரிய உடம்புகள் நடந்தும் ஒரு சுள்ளி முறியும் சத்தம் கேட்கவில்லை. கால்களுக்கிடையில் ஒரு குட்டி, மேட்டில் ஏற முடியாமல் சறுக்கியது. முழுக் கூட்டமும் அதற்காக நின்றது.

பெரிய பெண் யானை ஒன்று எங்கள் பக்கம் திரும்பியது. வந்து காரை மறைத்துக்கொண்டு நின்றது. முன் கண்ணாடி முழுக்கச் சேறு காய்ந்த தோல்தான் தெரிந்தது. தும்பிக்கை சூடான எஞ்சின் மூடியைத் தொட்டுப் பின்வாங்கியது. பிறகு பக்கத்து யன்னலால் உள்ளே வந்தது. நனைந்த மூச்சு என் முகத்தில் பட்டு முடியைக் கலைத்தது. எனக்குப் பயம் வரவில்லை. பயத்துக்கும் இடமில்லாத அளவுக்கு அது பெரிதாக இருந்தது.

"போறம் தாயே," என்றார் அம்மா, மிகத் தாழ்ந்த குரலில். "நாங்களும் வீட்டைதான் போறம்."

தும்பிக்கை அம்மாவின் தோளில் சற்று நின்றது. பிறகு வெளியே போயிற்று. குட்டி மேடேறியிருந்தது. எல்லாம் குளத்துக்குள் இறங்கின.

அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"இறங்கிச் சுத்து பிள்ளை."

"அதுகள் கிட்டத்தானே நிக்குதுகள்."

"இருட்டப் போகுது. மெல்லமாச் சுத்து."

இறங்கினேன். கம்பியைப் பிடித்து மெல்லச் சுற்றினேன். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. குளத்துக்குள் எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன, காதுகள் விரிந்தன, அப்படியே நின்றன. ஒன்றும் எங்களிடம் வரவில்லை.

அம்மா விளக்கைப் போட்டார். ஈர மண்ணில் சுளகளவு வட்டங்களாகக் காலடிகள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவற்றின் நடுவே, சின்னஞ்சிறிய வட்டங்கள். அம்மா ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பி, ஒன்றிலும் சக்கரம் படாமல், காரை ஓடிக்கொண்டு போனார்.