ஓடையைத் தாண்டிய கோடு

ஓடையோடு முடிந்திருக்க வேண்டிய கோடு, ஓடையைத் தாண்டிப் போயிருந்தது.

விதுஷா திகைத்து நின்றாள். பனி இன்னும் விலகவில்லை. இந்தக் கரை வரைக்கும் அவள் போட்டதுதான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னாலிருந்து வெறுங்காலோடு, யாரோடும் பேசாமல், விடுமுறை முழுக்க ஏறி இறங்கி, புல்லை மிதித்தே உண்டாக்கிய தடம். இரு ஓரமும் வழியில் பொறுக்கிய கற்கள், கவ்வாத்தில் வெட்டிப்போட்ட காய்ந்த தேயிலைக் குச்சிகள். நடந்தே வரைந்த கோடு தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போக வேண்டும். அவளுடைய படைப்பே அதுதான்.

ஆனால் அக்கரையில் கற்கள் தொடர்ந்தன. புல்லும் மிதிபட்டிருந்தது. ஒவ்வொரு கல்லிலும் மஞ்சள், குங்குமம்.

யார்? எதற்கு?

பதுளையிலிருந்து ஜீவராஜ் சார் கிளம்பிவிட்டார். அவளுடைய கலைப் பட்டத்தின் கடைசி வருடப் படைப்புக்கு மார்க் போடக் கொழும்பிலிருந்து வந்திருக்கும் பரீட்சகர். நிபந்தனை ஒன்றுதான்: மாணவியின் நடை, மாணவியின் கை. வேறு கை பட்டால் பூஜ்யம். பட்டம் போச்சு.

பிடுங்கி எறிந்துவிடலாம். ஓடையில் இறங்கிக் கடந்து முதல் கல்லைத் தொட்டாள்.

"கை வைக்காத!"

மேட்டில் கங்காணி இராயப்பன்.

"இது யாரு வேல கங்காணி?"

"எனக்கென்னா தெரியும்? நான் வேதக்காரன், மஞ்சள் குங்குமம் எனக்கெதுக்கு?" அவர் பார்வை மட்டும் அவளைத் தவிர்த்து எங்கோ ஓடியது.

அதற்குள் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வந்தார்கள். முன்னால் பக்கத்து வீட்டுக் கலாராணி. கையில் ஒரு கல்!

"அத்தை, நீங்களா?"

"நான் மட்டுமா? நேத்து காலையில பெரட்டுல பேரு குடுத்துட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போறப்ப ஆளுக்கொண்ணு வச்சோம்."

"ஏன்?"

"என்னாடி ஏன்? செருப்பில்லாம நடக்குற, வாயத் தொறக்க மாட்டேங்குற, கல்லுக் கல்லா அடுக்குற. பரீட்சைக்கு நேர்த்தி வச்சிருக்கன்னு எங்களுக்குத் தெரியாதா? நேர்த்திய வாயால கேக்கக் கூடாது, அதான் கேக்கல."

"நேர்த்தி இல்ல அத்தை, இதுதான் பரீட்சையே!"

கலாராணி முழித்தாள். "நடக்குறதா பரீட்சை? அப்ப நாங்கள்லாம் எப்பவோ பாஸாயிருக்கணுமேடி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாதியில விட்ட நேர்த்தி குடும்பத்தையே ஆட்டிவச்சிரும்," என்றாள் கலாராணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நீ ஓடையோட நிறுத்திட்ட. முனியாண்டி மரம் அங்கிட்டு இருக்கு. கொண்டுபோய்ச் சேத்துவிட்டோம். நீ பாஸாகணும்ல?"

இராயப்பன் தொண்டையைச் செருமினார். "அதுல ஒரு கல்லு என்னோடது. அந்தோனியார நெனச்சு வச்சேன்."

பாஸாகட்டும் என்று வைத்த கல்தான் அவளைப் பெயிலாக்கப் போகிறது. இதை யாரிடம் சொல்லி அழுவது? விதுஷாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

கீழே ஆட்டோ நின்றது. ஜீவராஜ் சார் பளபளக்கும் சப்பாத்தோடு தடத்தில் கால் வைத்தார்.

"செருப்பக் கழட்டுங்க சார்!" பத்துக் குரல்.

குழம்பினார். கழட்டினார். நடந்தார். ஓடையைத் தாண்டினார். மரம் வரை போய்த் திரும்பி வந்தபோது குதிகாலில் ஓர் அட்டை இரத்தம் குடித்துத் தொங்கியது.

"விதுஷா, இது எங்கே முடிகிறது?"

எல்லாம் என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கலாராணியின் மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்தாள்.

"என்னோடது ஓடையோட முடியுது சார். மிச்சம் இவங்க நடந்தது. எனக்குத் தெரியாம. ஆனா எடுக்க மாட்டேன்."

ஜீவராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"ஓடைவரைக்கும் மார்க் போடுறதா, மரம்வரைக்குமா? எனக்கே விளங்கவில்லையே."

"ரொம்ப யோசிக்காதீங்க சார்," என்று கலாராணி தன் கையிலிருந்த கல்லை அவர் கையில் திணித்தாள். "நீங்களும் ஒண்ணு வைங்க. புள்ள பாஸாகட்டும்."

அவர் கல்லைப் பார்த்தார். விதுஷாவைப் பார்த்தார். வைக்காதீங்க சார் என்று அவள் வாயெடுப்பதற்குள் குனிந்து, வரிசையில் வைத்தே விட்டார்.

நிமிர்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயோ! இப்ப என் கையும் பட்டுப்போச்சே. நான் மார்க் போட முடியாது. வேறு பரீட்சகர்தான் வரவேண்டும்."

பாஸா, பெயிலா? விதுஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கலாராணிக்கு அந்தக் குழப்பமே இல்லை. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க சார். கல்லு நெறயாக் கெடக்கு."