துப்பாக்கி மேல் போட்ட பழி

மகளின் இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் குருவம்மாள் அதைப் பார்த்தாள். என்னட்டி இது என்று கேட்பதற்குள் சுப்புலட்சுமி துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். ஃபயரிங் பிராக்டிஸாம். பெரிய தோட்டா போடுகிற பழைய ரைபிளாம், சுட்டதும் கட்டை பின்னால் வந்து கழுதை மாதிரி உதைக்குமாம். போலீஸ் வேலையில் இதெல்லாம் சகஜமாம்.

சிவகாசியில் வெடிக்குத் திரி சொருகியே இந்தப் பிள்ளையை ஆளாக்கியவள் குருவம்மாள். மருந்து வெடித்தால் உதைக்கும் என்று அவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. போன தடவை இதே பேச்சை நம்பி உப்பு வறுத்து ஒத்தடம்கூடக் கொடுத்தாள். இந்தத் தடவையும் நம்பியிருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து கெடுத்தான்.

காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிற மணிகண்டராஜ், விருதுநகரிலிருந்து பொண்டாட்டியை அழைத்துப்போக வந்தவன், செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தான்.

"அந்த ரைபிளு உங்க மகளைப் பாடாப் படுத்துது அத்தை. பாத்துப் பிடின்னா கேக்க மாட்டேங்கிறா."

யாரய்யா உன்னைக் கேட்டது? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று குருவம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. மகள் முகத்தைப் பார்த்தாள். மகளோ மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். பையை வாங்க அவன் கை நீட்டியபோது அவள் சட்டென்று பின்வாங்கியதும் கிழவியின் கண்ணுக்குத் தப்பவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும், கேட்காமல் இருந்தால் பிள்ளை என்ன ஆவாளோ.

அடுத்த திங்கட்கிழமை, விதவைப் பென்ஷனுக்கு மனுக் கொடுக்க விருதுநகர் சூலக்கரையில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். வாசலில் டூட்டியில் நின்றவள் அப்ரின், சுப்புவோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவள். குருவம்மாள் ஒன்றும் தெரியாதவள் போல, துப்பாக்கி சுட்டு உனக்கும் தோள் கன்றுமா தாயி, ஏதும் தைலம் இருக்கா என்று தூண்டில் போட்டாள். அப்ரின் சிரித்துவிட்டாள். ஆரம்பத்தில் எல்லார் தோளும் நீலம் பாரித்தது உண்மைதானாம். பயந்துபோய்க் கட்டையைத் தொளதொளவென்று பிடிக்கிறவளுக்குத்தான் அடி விழுமாம். தோள் குழியில் இறுக்கிச் சேர்த்து, கன்னத்தை அதில் பதித்து, முன்னே வைத்த காலில் பாரத்தைப் போட்டு நின்றால் உதை உடம்பு முழுக்கப் பரவி அடங்கிப்போகுமாம்.

"எங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்ததே உங்க மகதாம்மா. ரெண்டாவது வாரத்துக்கு மேல அவ தோள்ல ஒரு கீறல் விழுந்து நாங்க பாத்ததில்லை."

மனுவாவது ஒன்றாவது. குருவம்மாள் நேரே மகள் வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

சுப்பு தனியாகத்தான் இருந்தாள், யூனிபாரத்தைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தாள். குருவம்மாள் கொடிக்கு முட்டுக்கொடுத்திருந்த கம்பை உருவி அவள் கையில் கொடுத்தாள். துப்பாக்கியை எப்படிட்டி பிடிப்பே, காட்டு என்றாள். அம்மா விளையாடுகிறாள் என்று மகள் சிரித்தாள். கம்பு கைக்கு வந்ததும் உடம்பு தானாக மாறியது. இடது கால் முன்னே போனது, கம்பின் அடி வலது தோள் குழியில் இறுகியது, கன்னம் அதன்மேல் படிந்தது. அந்த நேரத்திலும் பெற்றவளுக்கு ஒரு பெருமை வந்துதான் போனது.

அப்படியே கையை நீட்டி மகளின் இடது தோளைத் தொட்டாள். அழுத்தக்கூட இல்லை. மகள் துடித்துவிட்டாள்.

"கட்டை அங்கன இருக்கு. காயம் இங்கன எப்படி வந்துச்சு?"

கம்பு கீழே இறங்கியது. சுப்பு வாயைத் திறந்தாள், பொய் வரவில்லை.

"ஸ்டேசன்ல தெரிஞ்சா சிரிப்பாகம்மா. போலீஸ்காரியே புருசன்கிட்ட அடி வாங்குறான்னு."

குருவம்மாளுக்கு, அவன் பொய்க்கல்லவா நாம் உப்பு வறுத்தோம் என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்கிறவுக வாய் வலிச்சா தானா மூடிக்கிருவாக. நீ துணியை எடுத்து வை" என்றாள்.

ஈர யூனிபாரத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த மணிகண்டராஜ் மாமியாரைப் பார்த்தான், பையைப் பார்த்தான், முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டான். என்ன அத்தை, மறுபடியும் அந்த ரைபிளு படுத்திருச்சா என்று இழுத்தான்.

சுப்புலட்சுமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"ரைபிளை வலது தோள்ல வைப்பாங்க. நீங்க அதையாவது பாத்து அடிச்சிருக்கலாம்."