ஓடைக்கு இந்தப் பக்கம்

லாக்லன் ரென்னிக்கு அந்த ஓடையைத் தாண்டியாக வேண்டும். கூரைக்கு ஓடு போடுகிற வேலை அவனுக்கு. கடற்காற்று பிய்த்துக்கொண்டு போகிற நாளிலும் ஏணி உச்சியில் நிதானமாக நின்று ஆணி அடிக்கிற மனிதன். ஆனால் கோல்ஃப் மைதானத்தில் பதினாறாவது குழிக்கு வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவான். தாடை இறுகும். கை தானாகப் பைக்குள் போய், இருப்பதிலேயே நீளமான மட்டையை உருவும். பிறகு பந்து தண்ணீரில் விழும். பெரிய சத்தம்கூட வராது. தவளை ஒன்று யாருக்கும் தெரியாமல் குதித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

தனியாக ஆடினால் அவன் பாடு, அவன் பந்து என்று விட்டுவிடலாம். அக்டோபரில் கின்லாரியில் நடக்கிற ஜோடிக் கோப்பையில் அப்படி விட முடியாது. அதில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருவர் அடித்து விழுந்த இடத்திலிருந்து அடுத்தவர் அடிக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் ஒரு அடி தண்டம் உண்டு, ஆனால் தண்டத்தால் முறை மாறாது. லாக்லன் ஓடையில் போட்டால், ஓடைக் கரையில் வேறு பந்தைப் போட்டு அடிக்க வேண்டியவள் அவன் மனைவி ஊனா. மூன்று வருஷமாக அரையிறுதி வரைக்கும் வந்தார்கள். மூன்று வருஷமும் அந்தக் கரையில் நின்று ஈரக் காலுறையோடு அவள் அடித்தாள். மூன்று முறையும் தோற்றார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே, ஊனா சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு நம்ம பந்து ஓடைக்குள்ள போச்சுன்னா, அடுத்த வருஷம் நான் மியூரோட ஆடப்போறேன்."

மியூர் ரொட்டிக் கடைக்காரன். மனைவி இறந்தபிறகு ஜோடியில்லாமல் இருந்தான். நேராக அடிப்பான், தூரம் போகாது, வாயைத் திறக்கமாட்டான். லாக்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கின்லாரியில் தேவாலயத்தை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, அதை ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிடும். ஜோடியை மாற்றிக்கொண்டவர்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"சும்மா சொல்ற," என்றான்.

"மியூர்கிட்ட ரொட்டி வாங்கும்போதே கேட்டுட்டேன். சரின்னான்."

அவள் முழுசாகக் கேட்கவில்லை. ஒருவேளை அப்படி ஒன்று வந்தால் ஆடுவாயா என்றுதான் கேட்டிருந்தாள். ஆனால் சொல்லியாயிற்று. சொன்னபிறகு அது உண்மை மாதிரியே மேசையில் உட்கார்ந்துகொண்டது. அன்று லாக்லன் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். ஊனாவுக்கும் அதற்குமேல் இறங்கவில்லை.

சனிக்கிழமை எதிரில் வந்தது கெடிஸ் தம்பதி. எர்ஸ்கின் கெடிஸ் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெட்டா அவருக்கு ஒரு வயது மூத்தவள். இரண்டு பேரும் நிறைந்த சூப் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பவர்களைப் போல ஆடுவார்கள். பந்து கொஞ்ச தூரம் போகும், நடுவில் நிற்கும். மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி நடுவில். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும், எதிரே ஆடுபவர்களுக்கு எரிச்சல் வரும். வருஷா வருஷம் ஜெயிப்பது அவர்கள்தான்.

ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவர் தொடங்க வேண்டும், இரட்டைப்படையில் மற்றவர். அதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் கடைசிவரை மாற்ற முடியாது. இரட்டைப்படையை ஊனா எடுத்துக்கொண்டாள். பதினாறில் அவள் தொடங்கினால் பந்து வழக்கம்போல அருகிலேயே விழும். அங்கிருந்து எந்தப் பைத்தியக்காரனும் ஓடையைத் தாண்ட நினைக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. லாக்லனிடம் அதைச் சொல்லவில்லை. எதிர்க்காற்றில் தொடங்க எனக்குப் பிடிக்காது என்று என்னவோ சொல்லி வைத்தாள்.

காலையிலிருந்தே வடக்கிலிருந்து காற்று. மழை என்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மூன்றாவது குழியில் லாக்லன் தொடங்கிய பந்து முட்புதருக்குள் போனது. ஊனா அதைத் தேடி எடுத்து, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி வெளியே கொண்டுவந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஐந்தாவதில் மறுபடி முட்புதர். அப்போதும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு உழைப்பு என்று யாருக்கும் தெரிவதில்லை.

"என்ன தாயி, கையெல்லாம் கீறல்," என்றார் எர்ஸ்கின்.

"முள்ளுச்செடிக்கும் எனக்கும் ரொம்ப நாள் பழக்கம்."

"புருஷன மாத்தச் சொல்லல. மட்டையையாவது மாத்தச் சொல்லலாம்ல?"

நெட்டா அவர் விலாவில் இடித்தாள். லாக்லன் கடலைப் பார்த்தான்.

இருந்தாலும் ஆட்டம் கையை விட்டுப் போகவில்லை. இது மொத்த அடிக் கணக்கு இல்லை, குழிக்குக் குழி வெற்றி தோல்வி. லாக்லன் கெடுத்த குழிகளுக்கு ஈடாக, தூரத்திலிருந்து அவன் அடித்த இரண்டு நல்ல அடிகள் இரண்டு குழிகளை வாங்கித் தந்தன. பதினைந்து முடிந்தபோது இரண்டு பக்கமும் சமம்.

பதினாறில் ஊனா தொடங்கினாள். மனதில் எதுவுமே இல்லாமல், சும்மா அடித்து வைப்போம் என்று மட்டையைச் சுழற்றினாள். வாழ்நாளில் அப்படி ஒரு அடி அவளுக்கு வாய்த்ததில்லை. பந்து காற்றுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. விழுந்தபிறகும் ஓடியது, மேட்டில் ஏறி இறங்கி இன்னும் ஓடியது.

"அடேங்கப்பா," என்றாள் நெட்டா.

ஊனா மட்டையைக் கீழே இறக்கினாள். பந்து நிற்கும் இடத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். ஓடையும், அதை ஒட்டி அந்தப் பக்கம் குழியிருக்கும் வழுவழுப்பான புல்தரையும், அதில் படபடக்கும் சிவப்புக் கொடியும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். ரொம்ப நன்றாகவே தெரியும். வழக்கம்போல மோசமாக அடித்திருந்தால் அவனுக்கு ஆசையே வந்திருக்காது. தன் கையாலேயே ஆசைக்குப் பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டோமே என்று தன் மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

லாக்லன் பந்துக்குப் பின்னால் நின்றான். கை பைக்குள் போனது. நீள மட்டை வெளியே வந்தது.

இதற்குமேல் ஊனாவால் முடியவில்லை.

"இங்கருந்து எத்தன தடவ தாண்டியிருக்க?"

"ஒரு தடவ."

"எப்போ?"

"ஜூன்ல. சாயங்காலம்."

"காத்து எந்தப் பக்கம்?"

அவன் மட்டையின் பிடியைத் துடைத்தான்.

"பின்னாடிலேருந்து அடிச்சுது, இல்ல?"

"கொஞ்சம்."

"யாரு பாத்தா?"

"ஒரு நாய் பாத்துச்சு."

எர்ஸ்கின் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். லாக்லன் மட்டையைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான், பிறகு ஊனாவைப் பார்த்தான். அவள் கையில் காலையில் வாங்கிய கீறல் நீளமாக, காய்ந்து கறுத்துக் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பல் பிடுங்கச் சம்மதித்தவனைப் போல ஒரு முகத்தோடு நீள மட்டையைத் திரும்பப் பைக்குள் செருகினான். குட்டையான ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தான். அலட்சியமாக, கிட்டத்தட்ட அவமானத்தோடு ஒரு அடி. பந்து மேலே போய், ஓடைக்கு இந்தப் பக்கம், சமமான புல்லில், யாரோ கையால் வைத்துவிட்டுப் போன மாதிரி நின்றது.

"இது ஆட்டமா?" என்றான். "இதுக்கு வீட்ல இருந்து கீரைக்குத் தண்ணி ஊத்தலாம்."

கெடிஸ் தம்பதி மூன்று அடியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரென்னி தம்பதிக்கு இரண்டே அடி, ஒன்று லாபம். ஊனா செய்ய வேண்டியது ஒன்றுதான். பந்தைத் தூக்கி ஓடைக்கு மேலாக, புல்தரையின் நடுவில் போட வேண்டும். நடுவில் இடம் ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு இருந்தது. கொடி மட்டும் முன் ஓரத்தில், ஓடைக்குப் பக்கத்திலேயே நின்றது.

நடந்து வரும்போது நடு, நடு என்றுதான் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். பந்தருகே நின்றபோது வேறு ஒரு நினைப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவன் அடங்கிப் போயிருக்கிறான். அதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு குட்டி அடியை மிச்சம் வைத்துக் கொடுக்க வேண்டாமா? குழிக்கு ஒட்டினாற்போல் போட்டுக்கொடுத்தால் அவன் முகம் எப்படி இருக்கும்? எர்ஸ்கின் முகம் எப்படி இருக்கும்? அதற்குள் அவள் கண் கொடியிடம் போய்விட்டது. கண் போன இடத்துக்குக் கையும் போனது.

பந்து அழகாகத்தான் எழும்பியது. கொடிக்கு நேராகத்தான் போனது. காற்று அதைக் கொஞ்சமாகப் பிடித்து நிறுத்தியது. அந்தக் கரையின் சரிவில் விழுந்து, ஒரு கணம் யோசித்துவிட்டு, பின்பக்கமாக உருளத் தொடங்கியது. தவளை குதித்தது.

நெட்டா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இப்போது அவன் திட்டுவான் என்று ஊனா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. மூன்று வருஷமாக அவள் சொன்ன அத்தனையையும் அவன் திருப்பிச் சொல்லலாம். ஒவ்வொன்றும் பொருந்தும். லாக்லன் பையிலிருந்து வேறு பந்தை எடுத்தான். முறை அவனுடையது. விதிப்படி எங்கே போட வேண்டும் என்று எர்ஸ்கினிடம் கேட்டு, அங்கே பந்தைப் போட்டு, புல்தரையின் நடுவில் அடித்தான். அவ்வளவுதான். அவன் கோபப்படாமல் இருந்தது அவளுக்குத் தாங்க முடியாத கோபத்தைக் கிளப்பியது. அந்தக் கோபத்தோடு அவள் தள்ளிய பந்து குழியைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. குழி கெடிஸ் பக்கம் போயிற்று.

பதினேழில் லாக்லன் தொடங்கினான். நீள மட்டையைத் தொடவே இல்லை. அந்தக் குழி சமம். பதினெட்டை ஜெயித்தால்தான் உயிர். அதிலும் அவன் மணல் பள்ளத்துக்குப் பயந்து ஓரமாக, நெட்டாவைப் போலவே அடித்தான். கடைசியில் ஊனாவுக்கு மூன்று கஜ தூரத்தில் ஒரு அடி மிச்சம் இருந்தது, விழுந்தால் ஆட்டம் நீளும். விழவில்லை. விரல் அகலத்தில் தப்பியது.

கிளப் அறையில் பருப்பு சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி பூத்திருந்தது. எர்ஸ்கின் எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாயைப் பற்றிய பகுதி வரும்போதெல்லாம் அந்த மேசை குலுங்கியது. ஊனா தலை நிமிராமல் சாப்பிட்டாள். சூப் சுட்டது. சுட்டதில் ஒரு திருப்தி இருந்தது.

மியூர் வந்து மேசையருகே நின்றான். தொப்பி கையில் இருந்தது.

"ஓடைக்குள்ள போச்சாமே," என்றான். அவனைப் பொறுத்தவரை அது நீளமான பேச்சு. "அடுத்த வருஷத்துக்கு... நீங்க சொன்னீங்கல்ல."

லாக்லனின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"போச்சு," என்றாள் ஊனா. "போட்டது நான்."

மியூர் தொப்பியைப் பார்த்தான்.

"அதனால இனிமே ஆள மாத்தறதா வேணாமான்னு நான் சொல்ல முடியாது மியூர். இவன்தான் சொல்லணும். இவனக் கேளு."

மியூர் லாக்லனைப் பார்த்தான். லாக்லன் கரண்டியை வாயில் வைத்து, மென்று, விழுங்கி, ரொட்டியால் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்தான். மெல்ல வேண்டிய அவசியமே இல்லாத சூப் அது.

"யோசிக்கணும்," என்றான்.

காரிலும் யோசித்துக்கொண்டுதான் வந்தான். ஊனா ஒரு முறை கேட்டாள். யோசிக்கிறேன் என்றான். மறுபடி கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. இந்த மனிதனைக் காரிலிருந்து இறக்கிவிட்டால் என்ன என்று பார்த்தாள். கார் அவனுடையது. அவன் இல்லாமல் மியூரோடு அமைதியாக, முள் கீறாமல் பதினெட்டுக் குழியும் ஆடிவிட்டு வீட்டுக்கு வருகிற ஒரு சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். யாரையும் திட்ட முடியாத சனிக்கிழமை. நினைக்கவே வெறிச்சென்று இருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

மைதானத்தின் கல்சுவர் பதினாறாவது குழியை ஒட்டி வளைகிற இடத்தில் அவன் காரை நிறுத்தினான். மழை விட்டிருந்தது. வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மைதானத்தில் ஒருவரும் இல்லை. அவன் ஜன்னலை இறக்கி, விரலை நக்கி வெளியே நீட்டினான்.

"காத்து மாறிடுச்சு."

"அதுக்கு?"

"இப்ப பின்னாடிலேருந்து அடிக்குது."

ஊனா கண்களை மூடிக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க இந்த மனிதன் எதையாவது கற்றுக்கொண்டிருப்பான் என்று நினைத்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். அவன் சுவரைத் தாண்டிக் குதித்தான். அவள் பையை மேலாக எடுத்துக் கொடுத்துவிட்டு, முனகிக்கொண்டே தானும் தாண்டினாள்.

காலையில் அவள் பந்து நின்ற இடத்தை அவன் சரியாகக் கண்டுபிடித்தான். நீள மட்டையை உருவினான். இந்த முறை அவள் தடுக்கவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது, தோற்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தன் முழு பலத்தோடு, பாவம், ஏணியில் அடக்கி வைத்த அத்தனையையும் சேர்த்து அவன் அடித்தான். பந்து உயர்ந்தது. மங்கின வானத்தில் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஒரு கணம் தாண்டிவிடும் போலத்தான் இருந்தது.

தவளை குதித்தது.

லாக்லன் அப்படியே நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. மட்டையின் முனையால் புல்லைக் கிளறிக்கொண்டே, சிறு குரலில் கேட்டான்.

"இப்ப யார் முறை?"

ஊனா பையிலிருந்து வேறு பந்தை எடுத்தாள்.

"என்னோடதுதான். வேற யாரோடதா இருக்கும்?" என்றாள். காலுறை நனையப் போவதை நினைத்துத் திட்டிக்கொண்டே ஓடையைப் பார்த்து நடந்தாள்.