ஆதாரப் படம்

ஜீவராணி டீச்சருக்கு அந்தப் பதவி கிடைக்க ஒரே காரணம், கூட்டம் நடந்த அன்று அவள் வந்த கந்தப்பளை பஸ் பாதி வழியில் நின்றுபோனதுதான். வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் பழைய வழக்கம். இந்தத் தடவை கட்டியது 'இணையப் பாதுகாப்புப் பொறுப்பாசிரியர்' என்ற பட்டம். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு கோப்பை நீட்டினார்கள். உள்ளே வெள்ளைத்தாள்கூட இல்லை.

என்ன வேலை என்று பாடசாலை அதிபர் தம்பிஐயாவிடம் கேட்டாள்.

"பெரிய வேலையில்லங்க டீச்சர். அப்பப்ப ஒரு படம் எடுத்து மேல அனுப்பணும், அவ்வளவுதான்."

படம் என்றால் அவருக்கு உயிர். மேலிடம் எதற்கும் ஆதாரம் கேட்கும், ஆதாரம் என்றால் படம். மரம் நட்டால் படம். மலசலகூடம் கழுவினால் முன்னும் பின்னும் இரண்டு படம். நட்ட கன்றுகள் பனியில் கருகிப் போயின. படங்கள் மட்டும் பாடசாலையின் முகநூல் பக்கத்தில் செழிப்பாக இருந்தன.

இணையப் பாதுகாப்புத் தினமும் அப்படித்தான் முடிந்தது. 'உங்கள் விவரங்களை அந்நியருக்குக் கொடுக்காதீர்கள்' என்று சுவரொட்டி வரைந்து முதல் பரிசு வாங்கினாள் பதினோராம் வகுப்புப் பிரியந்தி. அவள் பெயர், வகுப்பு, எந்த லயத்து வீடு, எந்த பஸ்ஸில் வருகிறாள் என்பது வரை எழுதி, சுவரொட்டியோடு நிற்கும் படத்தை அதிபர் ஊரறியப் போட்டார்.

பத்து நாள் கழித்து, இடைவேளையில், பிரியந்தி ஜீவராணியின் மேசையருகே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. அந்தப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டியெடுத்து, அவள் பெயரிலேயே யாரோ ஒரு போலிக் கணக்கு திறந்து, தோட்டத்துப் பையன்களுக்குக் கண்டபடி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டி கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிருவாரு டீச்சர். ரெண்டு மாசத்துல சோதனை எழுதணுங்க."

ஜீவராணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. தப்பு எங்க மேலதான். அம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

பிரியந்தி சரியென்று தலையாட்டினாள்.

போலிக் கணக்கில் இருந்ததையெல்லாம் சேமித்துக்கொண்டு, முகநூலுக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டு, ஜீவராணி நேரே அதிபர் அறைக்குப் போனாள்.

"சேர், பிரியந்தி படத்த உடனே எடுத்துருங்க."

"எடுக்கிறதா? நானூத்திப் பன்னெண்டு லைக்குங்க! கல்வி டிரெக்டரே லைக் போட்டிருக்காங்க. மாவட்டப் பரிசுக்கு அதுதான் ஆதாரம்."

அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அதிபரின் முகம் மலர்ந்தது.

"முதல் முறைப்பாடு! பாத்தீங்களா, நம்ம திட்டம் வேல செய்யுது. பிள்ளையக் கூப்பிடுங்க. முறைப்பாட்டுக் கடுதாசிய என் கையில குடுக்கிற மாதிரி ஒரு படம் எடுப்போம். முகத்துல ஒரு பொம்மைய ஒட்டி மறைச்சிரலாம்."

"பேரு?"

"பேரு போடாட்டி ஆதாரம் ஆகாதுங்களே டீச்சர்."

இந்த மனிதரிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. முகநூல் பக்கத்தின் கடவுச்சொல் அவர் நாற்காலிக்கு மேலே, கடிகாரத்துக்குக் கீழே, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க ஒட்டியிருந்தது: பாடசாலையின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கைபேசியில் அடித்தாள். படத்தைத் தேடி நீக்கினாள். கையோடு கடவுச்சொல்லையும் மாற்றினாள்.

"என்னங்க பண்றீங்க?" அதிபர் எழுந்தே விட்டார்.

"கையெழுத்துப் போட்டது நாந்தானேங்க சேர். என் வேலையப் பாக்குறேன்."

மூன்றாம் நாள் போலிக் கணக்கு காணாமல் போனது. பிரியந்தியின் அம்மா நாகலெட்சுமி, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகுமுன் மகளைத் தானே பஸ் ஏற்றிவிட்டுப் போகத் தொடங்கினாள். மாவட்டப் பரிசு வேறொரு பாடசாலைக்குப் போனது. அதிபர் ஒரு மாதம் ஜீவராணிக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு மேலிடத்துப் படிவம் வந்தது. 'இணையப் பாதுகாப்புக்காக இவ்வாண்டு செய்த வேலை?' என்று கேட்டிருந்தார்கள். 'ஒரு படத்தை நீக்கினேன்' என்று ஜீவராணி எழுதினாள். கீழே 'ஆதாரப் படம் ஒட்டவும்' என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது.

அன்று காலையில்தான் பிரியந்தி முதல் சோதனைக்குப் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து சிரித்துக் கை காட்டியிருந்தாள். அதைப் படம் எடுக்க ஜீவராணிக்குத் தோன்றவேயில்லை. கட்டத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினாள்.