பேய்க்கூடாரம்

வியாழக்கிழமை மதியமே அந்த இடத்தில் கூடாரம் முளைத்திருப்பதைப் பார்த்ததும் ஹார்லனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீலக் கூடாரம், நாலு பேர் படுக்கலாம். வாசல் ஜிப் அடி வரை இழுத்து மூடியிருந்தது. பக்கத்தில் நாற்காலி இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, வண்டி இல்லை. கல் அடுக்கிய நெருப்பு வட்டத்தில் போன வாரத்துச் சாம்பல் மட்டும் கிடந்தது.

“பேய்க்கூடாரம்,” என்றான். “அதே நீலம். அதே ஆளு. இந்தக் கோடைல எத்தன தடவ தூக்கிப் போட்டாலும் திரும்பத் திரும்பக் கொண்டாந்து நடுறான் பாரு.”

மலையில் வசிப்பவர்கள் வைத்த பெயர் அது. கீழே டென்வர் நகரத்துக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் காட்டு ஞாபகம் வரும். அதற்குள் நல்ல இடமெல்லாம் போய்விடும் என்று, வார நடுவிலேயே யாராவது ஒருவன் மேலே வந்து ஒரு வெறும் கூடாரத்தை நட்டு, காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க உள்ளே நாலு பாறாங்கல்லைப் போட்டுவிட்டு, ஆபீசுக்குத் திரும்பிவிடுவான். இந்தக் காட்டில் முன்பதிவு கிடையாது, எண் கிடையாது, குழாயும் கக்கூஸும் கிடையாது. முதலில் வந்தவனுக்கு இடம், அவ்வளவுதான் சட்டம். ஆள் வராமல் துணி மட்டும் வந்தால் அது வந்ததாகுமா? ஆகாது என்பது ஹார்லன் கட்சி.

பேயை ஓட்டவும் ஒரு முறை இருந்தது. ஹாரன் அடிக்க வேண்டும். குரல் கொடுக்க வேண்டும். கம்பியை உதைத்துப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் ஜிப்பைத் திறந்து, கல்லை வெளியே எறிந்துவிட்டு, கூடாரத்தைக் கிழியாமல் இழுத்துப்போய் ஓடையோரம் போட வேண்டும். ஹார்லன் இதுவரை ஒரு கம்பியைக்கூட முறித்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவன் மனைவி வான்டா பிக்கப் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னாள்: “வேற எடம் பாப்போம், வா. எதுக்கு வீண் வம்பு?”

“எங்க பாக்கறது? காலையிலேர்ந்து சுத்தியாச்சு. ஒண்ணு சரிவு, இல்லன்னா எவனாவது படுத்துக் கெடக்கான். நம்ம டிரெய்லர் நிக்கணும்னா தரை தட்டையா வேணும், அந்த அச்சு இருக்கற லட்சணத்துக்கு.”

அவளுக்கும் தெரியும். ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது. அவர்களுக்குக் கெடு தாண்டி நாளாகிவிட்டது. நாளைக் காலையும் டிரெய்லர் பழைய இடத்திலேயே நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று வனக்காவலர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பழைய டிரெய்லர்தான் வீடு. ஹார்லன் நகரத்தில் அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் கூரை போடுகிறவன், தனக்கு வீடு இல்லாதவன். இதைச் சொல்லி அவனே சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் இல்லை.

மேற்கே இடி உருண்டது. மழை வந்தால் மண் பாதை களியாகிவிடும், டிரெய்லரை அசைக்க முடியாது.

அவன் ஹாரனை மூன்று முறை அழுத்தினான். இறங்கிப் போய், “யாராச்சும் இருக்கீங்களா? எடத்த எடுத்துக்கப் போறேன்!” என்று கத்தினான். கம்பியை உதைத்தான். பைன் மரத்தில் ஒரு அணில் அவனைத் திட்டியது. வேறு சத்தமில்லை.

அடித்துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. கனம்.

“கல்லு நெறயப் போட்டிருக்கான், திருட்டுப் பய.” அன்றைக்கு முழுக்க இடுப்பு வேறு விண்விண் என்று வலித்துக்கொண்டிருந்தது. வண்டியின் பின்பக்கத்திலிருந்து இழுவைப் பட்டையை எடுத்து, கூடாரத்தின் இரண்டு மூலை வளையங்களிலும் கோத்து, வண்டிக் கொக்கியில் மாட்டினான்.

“ஜிப்பத் தெறந்து பாரேன்,” என்றாள் வான்டா ஜன்னல் வழியாக.

“எதுக்கு? கல்லுதான். கல்லோட சேத்தே போகட்டும்.”

கோபத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாகவே மிதித்துவிட்டான். பட்டை விறைத்தது, முளைகள் பிடுங்கிக்கொண்டு பறந்தன. கூடாரம் ஒரு குதி குதித்து நெருப்பு வட்டத்துக் கற்களின் மேல் மோதி, உருண்டு, மறுபடி மோதியது. தூரத்து மரங்களுக்கு நடுவிலிருந்து ஒருவன் அலறிக்கொண்டு ஓடி வந்ததை அவன் கண்ணாடியில் பார்த்தான். என்ன அலறுகிறான் என்பது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. வான்டா அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். “நிறுத்து! நிறுத்துடா! உள்ள ஆளு!”

நிறுத்திவிட்டு இறங்கினான். நீலத் துணிக்குள் ஒரு கால் உதைத்துக்கொண்டிருந்தது. ஜிப் வைத்து மூடிய பைக்குள் ஏதோ பிராணி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஹார்லன் ஜிப்பைத் தேடினான், கிடைக்கவில்லை, பல்லாலும் நகத்தாலும் துணியைக் கிழித்தான். உள்ளே இருபது வயது தாண்டிய ஒரு பையன். தலையின் ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. காதிலிருந்து ரத்தம் தடையில்லாமல் வந்தது. பையனின் கைக்குக் கீழே ஒரு பேஸ்பால் மட்டை கிடந்தது.

மட்டையைப் பார்த்ததும் ஹார்லனுக்குப் புரிந்துவிட்டது. பேயை ஓட்டுகிறவனை அடிக்கத்தான் பேய்க்கூடாரத்துக்குள் ஆளைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

புரிந்த அதே நொடியில் அவன் மூக்கு உடைந்தது. ஓடி வந்தவன் கைத்துப்பாக்கியின் பிடியால் அடித்திருந்தான். கீழே விழுந்தவனை வயிற்றில் உதைத்தான், விலாவில் உதைத்தான், மறுபடியும் முகத்தில். “என் தம்பிடா! என் தம்பிடா அது! வெஸ்லி! டேய் வெஸ்லி!” ஹார்லனின் தலைக்குப் பக்கத்தில் தரையில் சுட்டான். மண் கண்ணில் தெறித்தது. இரண்டாவது குண்டு இன்னும் கிட்ட இறங்கியது.

“அவனச் சுட்டா வண்டிய யாரு ஓட்டுவா?” என்று வான்டா கத்தினாள். அவள் அதற்குள் பையனின் தலையைத் தன் மடியில் எடுத்து, சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்தியிருந்தாள். முதியோர் இல்லத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள், ரத்தத்துக்குப் பயப்படுகிற ஜாதி இல்லை. “மூச்சு இருக்கு! ஒன் வண்டி எங்கடா?”

அண்ணன்காரன் தன் வண்டியை யார் கண்ணிலும் படாமல் இருக்க மலையடி வளைவில் ஒளித்துவிட்டு நடந்து வந்திருந்தான். அதை நினைத்ததும் அவன் முகம் கோணியது. “தூக்கு,” என்றான் ஹார்லனைப் பார்த்து. “எந்திரிச்சுத் தூக்குடா கெழவா. இவன் செத்தா நீ செத்த. ஒன் பொண்டாட்டி கண்ணு முன்னாடி ஒன்னச் சுடுவேன்.”

அந்தக் காட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மண் பாதை முடிந்து தார் ரோடு தொடங்கி, கொஞ்ச தூரத்தில் ஒரு தீயணைப்பு நிலையம் இருந்தது. அங்கே ஆம்புலன்ஸ் நிற்கும், ஆட்கள் இருப்பார்கள். அதுவரை பையன் உயிரோடு இருக்க வேண்டும். ஹார்லன் வாழ்க்கையில் எதற்காகவும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

பின் சீட்டில் வான்டாவும் அவள் மடியில் வெஸ்லியும். முன் சீட்டில் அண்ணன்காரன் ட்ரென்ட் திரும்பி உட்கார்ந்திருந்தான். ஒரு கை துப்பாக்கியை ஹார்லனின் விலாவில் அழுத்தியிருந்தது. இன்னொரு கை சீட்டு இடுக்கு வழியாகப் பின்னால் நீண்டு தம்பியின் கையைப் பிடித்திருந்தது.

பாதை பூராவும் துணி துவைக்கிற பலகைபோல் வரி வரியாக இருந்தது. வேகமாகப் போனால் பையனின் தலை குலுங்கியது.

“மெதுவாப் போடா!” ட்ரென்ட் துப்பாக்கி முனையால் கன்னத்தில் இடித்தான்.

மெதுவாகப் போனான்.

“என்னடா ஊர்வலமா போற? வேகமாப் போ!” மறுபடியும் இடித்தான். ஒரு பல் ஆடியது. ஹார்லன் ரத்தத்தை விழுங்கினான். துப்பினால் அதற்கும் ஒரு அடி விழும் என்று தோன்றியது.

ஒரு வளைவில் நாலு சக்கர மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற கும்பல் ஒன்று பாதையை அடைத்து நின்று பியர் குடித்துக்கொண்டிருந்தது. ஹாரனுக்கு நகரவில்லை. ஒருவன் பொறு, பொறு என்று கை காட்டினான். ட்ரென்ட் ஜன்னலை இறக்கி, அவன் காலடியில் சுட்டான். பியர் டப்பாக்கள் பறந்தன. ஒருத்தன் பாறைக்குப் பின்னால் குப்புற விழுந்தான். விலகாமல் நின்ற ஒரு மோட்டார் சைக்கிளை ஹார்லன் இடித்துத் தள்ளிக்கொண்டு போனான். அது பள்ளத்தில் உருளுகிற சத்தம் பின்னாலிருந்து கேட்டது. அப்படிச் செய்வான் என்று அவனே நினைத்ததில்லை.

“நான் ஹாரன் அடிச்சேன்,” என்றான் உடைந்த வாயால். “கத்துனேன். ஒதைச்சேன். ஏன் பதில் சொல்லல அவன்?”

ட்ரென்ட் பதிலுக்கு அடித்தான். இந்த முறை காதில். வண்டி பாதை விளிம்புக்குப் போய்த் திரும்பியது.

“வண்டி கவுந்தா எல்லாரும் சாவோம்டா, மூளகெட்டவனே!” வான்டா பின்னாலிருந்து சீறினாள். பிறகு உடனே பையனிடம் குரலை மாற்றிக்கொண்டாள். “ஒண்ணுமில்ல கண்ணு. வந்தாச்சு. மூச்சு விடு. அப்படித்தான்.”

மழை பிடித்தது, கூடவே ஆலங்கட்டியும். ஓடைமேல் இருந்த மரப்பாலத்தில் பலகைகள் தடதடத்தன. தாண்டியதும் ஹார்லன் கண்ணாடியில் வான்டாவின் முகத்தைப் பார்த்தான். அவள் இரண்டு விரல் பையனின் கழுத்தில் இருந்தது. விரலை இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள். பிறகு கண்ணாடியில் ஹார்லனை நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு வாய் எதற்கு? பையன் போய்விட்டான்.

ஹார்லனின் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

“எப்படியிருக்கான்?” ட்ரென்ட் கேட்டான்.

“முனகறான்,” என்றாள் வான்டா. ஒரு கணம்கூட யோசிக்காமல் சொன்னாள். “ஆலங்கட்டி சத்தத்துல ஒனக்குக் கேக்கல. மூச்சு விடு கண்ணு. நல்ல பையன்ல. இன்னும் கொஞ்ச தூரம்தான்.”

செத்த பையனிடம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். எந்த ஊர், என்ன படிக்கிறாய், அம்மா என்ன சமைப்பாள் என்றெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வந்ததுபோல் ‘ம்’ கொட்டினாள். அவள் குரல் ஒருமுறைகூடப் பிசகவில்லை. புருஷன் உயிரை அந்தக் குரலில்தான் கட்டி வைத்திருந்தாள். ஹார்லனுக்கு அவளை நினைத்தும் அழுகை வந்தது, அந்தப் பையனை நினைத்தும் வந்தது. ஜிப். ஒரே ஒரு ஜிப்பைத் திறந்திருந்தால்? மட்டையால் நாலு அடி வாங்கியிருப்பான், அவ்வளவுதான். இந்நேரம் நாலு பேரும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு உயிரோடு இருந்திருப்பார்கள்.

தார் ரோடு வந்தது. குலுக்கல் நின்றதும் வண்டிக்குள் வான்டாவின் குரல் மட்டும்தான். அடுத்த திருப்பத்தில் தீயணைப்பு நிலையம் தெரிந்தது. கொட்டகைக் கதவு திறந்திருந்தது, சிவப்பு வண்டி நின்றது, வாசலில் இரண்டு பேர் காப்பிக் கோப்பையோடு மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள். சாட்சிகள். அவர்கள் முன்னால் சுட மாட்டான். பிழைத்துவிட்டோம் என்று நினைத்து ஹார்லன் காலை பிரேக்குக்குக் கொண்டுபோனான்.

“நிறுத்தாத,” என்றான் ட்ரென்ட்.

“இதான் நிலையம். ஆம்புலன்ஸ் இங்கதான்.”

“நிறுத்தாதன்னேன்ல.”

அடி விழும் என்று ஹார்லன் முகத்தைச் சுருக்கினான். விழவில்லை. துப்பாக்கி விலாவில் இல்லை. அது ட்ரென்ட்டின் மடியில் கிடந்தது. மற்றக் கை மட்டும் இன்னும் பின்னால் நீண்டிருந்தது.

“பாலத்துகிட்டயே போயிட்டான்,” என்றான். “அவன் கை என் கைலதான இருக்கு. எனக்குத் தெரியாதா?”

வான்டா பேச்சை நிறுத்தினாள்.

“அவன் பதில் சொல்லிருப்பான். நான்தான், எவன் வந்தாலும், என்ன கத்துனாலும் வாயத் தெறக்காதன்னேன். ஜிப்பத் தெறப்பான், தெறந்ததும் பாய்ஞ்சு அடின்னேன். உள்ள சிரிப்ப அடக்கிக்கிட்டுதான் கெடந்திருப்பான். சின்ன வயசுல ஒளிஞ்சு வெளையாடறப்பவும் அப்படித்தான்.” மூக்கைப் புறங்கையால் துடைத்தான். “இங்கேர்ந்து சிக்னல் வரும். வண்டி நின்னா எங்கம்மாவுக்கு போன் பண்ணணும். என்ன சொல்றதுன்னு தெரியல. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டு. காலப் பிடிச்சுக் கேக்கறேன், ஓட்டு.”

காப்பிக் கோப்பைக்காரர்களில் ஒருவன் வண்டியைப் பார்த்துச் சிநேகமாகக் கையை ஆட்டினான். பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் போதும், இறங்கி ஓடிவிடலாம். துப்பாக்கியைக்கூட எட்டி எடுத்துவிடலாம், அவன் தடுக்கும் நிலையில் இல்லை.

ஹார்லன் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தான். நிலையம் பின்னால் போனது. கீழே நகரம் மழைக்குள் கிடந்தது.

“நான் ஜிப்பத் தெறந்திருக்கணும்,” என்றான்.

“ஆமா,” என்றான் ட்ரென்ட்.

பின்னால் வான்டா மறுபடியும் அந்தப் பையனின் முடியை ஒதுக்கிவிட ஆரம்பித்தாள்.