பதினான்காவது கேள்விக்கு ஒரு டிக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. வெளிநாட்டுக் கடன் வாங்கிய ஏழை நாடுகளில் சில மட்டும் ஏன் வளர்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'சமூக மூலதனம் என்பது மக்கள் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கை. அது இல்லாத இடத்தில் கடன் வாங்கிப் போட்ட சாலையும்'

வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அப்போதுதான் அண்ணி வேலை முடிந்து வந்தார்.

2

அண்ணி புள்ளிவிவர அலுவலகத்தில் கணக்கெடுப்பாளர். வீடு வீடாகப் போய் நாற்பது கேள்வி கேட்பார். பதினான்காவது: 'பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?' ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். அதைப் பார்த்துத்தான் நாட்டுக்கு அடுத்த கடன் கிடைக்குமாம். (இது அண்ணியின் மேலதிகாரி சொன்னது. எதையும் கொஞ்சம் ஊதிச் சொல்கிறவர்.)

அன்று மூன்றாவது மாடியில் ஒரு தையல்காரி. மிஷினை மிதித்தபடியே பதில் சொன்னார்.

"ஒருத்தரையும் நம்ப முடியாதுங்க. காலம் கெட்டுக் கிடக்கு."

அண்ணி 'இல்லை'யில் டிக் அடித்தார். உடனே தையல்காரியின் போன் அடித்தது. பள்ளிக்கூடப் படியில் மூத்த மகள் விழுந்து நெற்றி கிழிந்துவிட்டதாம். தையல்காரி பத்து மாதக் குழந்தையைத் தூக்கி அண்ணி மடியில் போட்டார்.

"பத்தே நிமிஷம், பாத்துக்கங்க!"

செருப்புகூட மாட்டாமல் ஓடினார். அண்ணியின் பேரைக்கூடக் கேட்கவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது.

3

(இங்கே ஒரு திருடனை நுழைக்கலாமா என்று பார்த்தேன். அண்ணி முறைத்தார். திருடன் வாபஸ்.)

பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமாயிற்று. யாரோ ஒரு பெண் வந்து, தைத்து மாட்டியிருந்த சட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, "நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிடுங்க" என்று கிளம்பினார். குழந்தை அழுதது, சிரித்தது, கடைசியில் படிவத்தின் மேலேயே ஒன்றுக்குப் போனது. பதினான்கு பதில்களும் ஊறிப்போயின.

4

தையல்காரி மகளை இடுப்பில் சுமந்தபடி திரும்பினார். மகளின் நெற்றியில் நான்கு தையல்.

"என்னைவிட நேராப் போட்டிருக்காங்க" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அழுதார்.

அழுகை அடங்கியதும் அண்ணி புதுப் படிவத்தை எடுத்தார்.

"பதினாலாவது கேள்விக்கு இப்பவும் 'இல்லை'தானா?"

"பின்ன?"

"என்கிட்ட குழந்தையையே விட்டுட்டுப் போனீங்களே!"

"உங்கள நம்பியா விட்டேன்? எதிர்வீட்டு அக்காகிட்ட ஒரு கண்ணு வெச்சுக்கச் சொல்லிட்டுல்ல போனேன்!"

அண்ணி திரும்பினார். எதிர்க்கதவு இடுக்கில் ஒரு கண். இரண்டு மணி நேரமாக அங்கேயே இருந்திருக்கிறது.

"அப்ப அவங்கள நம்பறீங்க?"

"அவங்க வேறங்க. நீங்க கேட்டது பெரும்பாலான மனுஷங்களப் பத்தி."

5

ஒரு முடிவு: அண்ணி துணிந்து 'ஆம்' என்று மாற்றுகிறார். மாட்டினால் வேலை போகும். இன்னொன்று: விதிப்படி 'இல்லை'. வேலை தங்கும், தூக்கம் போகும். மூன்றாவதாக, அண்ணி இரண்டு கட்டத்துக்கும் நடுவில்... வேண்டாம், அது என் சாமர்த்தியம், அண்ணியுடையது அல்ல.

நடந்தது எனக்குத் தெரியும். எழுதட்டுமா என்று கேட்டபோது அண்ணி சொன்னார்:

"எழுதிக்கோ. எதுல டிக் அடிச்சேன்னு மட்டும் போட்டுடாதே. உன்னை நம்பித்தான் சொன்னேன்."

ஆகவே போடவில்லை. நீங்களாக இருந்தால் எதில் அடித்திருப்பீர்கள்? என்னிடம் சொல்லலாம். வெளியே போகாது.